நர்சம்மா பதில்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து, பகுதி சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவர் இந்தப் பக்கத்தில் பதில் சொல்கிறார். இந்த இதழில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பற்றி வந்த கேள்விகள் மட்டும்.

வாசகர், தாம்பரம்: எங்கள் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் காப்பீடு இருக்கிறது. பக்கத்திலேயே பெரிய மருத்துவமனைகளும் உண்டு. எல்லோருக்கும் ஒரு காப்பீட்டு அட்டை கொடுத்துவிட்டால் போதாதா? ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அரசு இவ்வளவு செலவு செய்வது ஏன்?

ஐயா, காப்பீடு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் உறவிலேயே ஒருவருக்கு இருதய அறுவைச் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில்தான் நடந்தது. ஆனால் அந்த அட்டை எப்போது உதவிக்கு வருகிறது? நோய் முற்றி, ஆள் கட்டிலில் படுத்த பிறகு. அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து வருடம் அந்த ஆளை யார் பார்த்துக்கொள்வது?

நான் வேலை பார்த்த பகுதியில் தேங்காய் உரிக்கிறவர் ஒருவர் இருந்தார். நல்ல உடல்கட்டு. காலில் ஏதோ குத்திவிட்டது என்று வந்தவருக்கு ரத்த அழுத்தமும் பார்த்தோம், 180/110. "எனக்கு ஒண்ணும் பண்ணலையே, நல்லாத்தானே இருக்கேன்" என்றார். ரத்தக் கொதிப்பின் தொல்லையே அதுதான். வருஷக்கணக்கில் ஒன்றும் பண்ணாது. பண்ணும்போது பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்து நிற்கும். மாத்திரை கொடுத்தோம். அடுத்த மாதம் வந்தார், அதற்கடுத்த மாதம் வரவில்லை. பெரிய மருத்துவமனையாக இருந்தால் அவர் கதை அத்தோடு முடிந்திருக்கும். வந்து நிற்கிற கூட்டத்தைப் பார்க்கவே அங்கே நேரம் போதாது. எங்கள் பதிவேட்டிலோ அவர் பெயருக்கு நேரே அந்த மாதக் கட்டம் காலியாகக் கிடந்தது. வீட்டுக்குப் போனேன். என்னிடம் பிடி கொடுக்கவில்லை. எங்கள் சுகாதார ஆய்வாளர் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது: இந்த மாத்திரை போட்டால் ஆண்மை போய்விடும் என்று கூட வேலை பார்ப்பவர் சொல்லியிருக்கிறார். டாக்டர் அவரை உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசினார். மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார். இன்றைக்கும் மட்டை உரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அதே பகுதியில் ஓர் அம்மா. வெளியூரில் செங்கல் சூளையில் வேலை பார்த்துவிட்டு வயதான பிறகு ஊர் திரும்பியவர். சர்க்கரையும் கொதிப்பும் இருந்தது யாருக்கும் தெரியாது. தெரிந்தபோது இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது. வாரம் இரண்டு முறை புதுக்கோட்டைக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். செலவைக் காப்பீடு பார்த்துக்கொண்டது, உண்மைதான். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் யார் கொடுப்பது? கூடப் போன மகளுக்கு வாரம் இரண்டு நாள் கூலி போயிற்று. அந்த அம்மாவுக்குச் சில வருடங்களுக்கு முன்னால் யாராவது கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்திருந்தால் தினம் ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரையோடு போயிருக்கலாம்.

மருத்துவமனை, வந்தவரைப் பார்க்கும். ஆரம்ப சுகாதார நிலையம் வராதவரின் கணக்கையும் வைத்திருக்க வேண்டும். இதற்காகத்தான் ஊரை வீடு வீடாக எழுதுகிறோம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இதைத்தான் கொதிப்பு, சர்க்கரைக்குச் செய்கிறது. அந்த ஊர்ப் பெண்ணே தன்னார்வலராக வீட்டுக்கு வந்து அழுத்தம் பார்க்கிறார், மாத்திரை தருகிறார். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கிறது. காலையில் களை பறிக்கப் போகிற பெண் மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட வேண்டியதில்லை.

தாம்பரத்தில் உங்களுக்கு இது தேவைப்படாமல் இருக்கலாம். உங்கள் குடியிருப்பின் காவலாளிக்கும், வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும் தேவைப்படும். 2023 ஜூனில் மாநிலம் முழுக்க 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வர வேண்டும் என்றுதான் மாலை 4 முதல் 8 வரையும் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். நீங்களும் ஒரு மாலை போய் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள், 10 லட்ச ரூபாய் அட்டை இருந்தாலும்.

வாசகி, இலுப்பூர்: எனக்கு இது மூன்றாவது மாதம். பதிவு செய்யச் சொல்லி கிராம நர்ஸ் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறார். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாது என்கிறார் மாமியார். பணம் வாங்குவதற்காகத்தானே இந்தப் பதிவு? பிரசவத்துக்கு எப்படியும் அம்மா வீட்டுக்குத் திருமயம் போவேன். அங்கே போய்ப் பதிந்துகொள்ளலாமா?

முதலில் சந்தோஷம் தங்கச்சி. உன் மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்: ஊருக்குச் சொல்ல வேண்டாம், நர்சுக்கு மட்டும் சொல்லுங்கள். நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம்.

பணமும் உண்டு, அதை மறைக்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயோடு ஆரம்பித்தது. இப்போது மொத்தம் 18,000: ரொக்கமாக 14,000 ரூபாய், தலா 2,000 ரூபாய் மதிப்பில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு, முதல் இரண்டு பிரசவத்துக்குக் கிடைக்கும். 12 வாரத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை. முத்துலட்சுமி அம்மா நம் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் என்பதால் இந்தப் பெயரைச் சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் 12 வாரம் என்று ஏன் வைத்தார்கள்? அந்த நேரத்தில் ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், குறைவாக இருந்தாலும் ஏற்றுவதற்கு ஆறு மாதம் கையில் இருக்கிறது. ஏழாம் மாதத்தில் 7 கிராம் என்று தெரிந்தால் என்ன செய்வது? ஊசியும் ரத்தமுமாக அலைய வேண்டியதுதான். பிரசவத்தில் போகிற ரத்தத்தை ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு தாங்காது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. நீயும் அதில் ஒருத்தியா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த நர்ஸ் திரும்பத் திரும்ப வருகிறார்.

ரத்த வகை, கொதிப்பு, சிறுநீரில் புரதம், 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை, எச்.ஐ.வி., பால்வினை நோய் எல்லாம் பார்ப்பார்கள். எதற்கும் காசு கிடையாது. இரும்புச்சத்து மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடு. டீ, காபியோடு வேண்டாம், சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துப் போடாதே. மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையைக் குப்பையில் போட்ட பெண்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

இலுப்பூரிலேயே பதிந்துகொள். ஒரு எண் கொடுப்பார்கள். பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அந்த எண்ணைக் கேட்பார்கள். திருமயம் போகும்போது இங்கே உள்ள நர்சிடம் தேதியைச் சொல்லிவிட்டுப் போ, போனதும் அங்கே உள்ள நர்சிடம் அட்டையைக் காட்டு. தாய்வீட்டுக்குப் போகிற அந்த நடுவாந்திர வாரங்களில்தான் கர்ப்பிணிகள் இரண்டு பக்கக் கணக்கிலிருந்தும் நழுவிவிடுகிறார்கள். கால், முகம் வீங்குவதும் கொதிப்பு ஏறுவதும் பெரும்பாலும் கடைசி மாதங்களில்தான்.

ஒரு சிக்கலும் இல்லாத பிரசவம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். 24 மணி நேர நிலையங்களில் செவிலியர்கள் முறை வைத்து ராத்திரியும் இருப்பார்கள். அதே ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 அறுவையாக நடக்கிறது, தனியாரில் 64. தேவைப்படுகிற தாய்க்கு அறுவை உயிர் காக்கும், அதை நானே பல முறை கண்ணால் பார்த்தவள். ஆனால் இத்தனை பேருக்கும் தேவைப்பட்டது என்று என்னால் நம்ப முடியவில்லை.

வாசகர், விராலிமலை: காய்ச்சல் என்று போனால் ஊசி போடாமல் நாலு மாத்திரையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஏழைகளுக்கு இது போதும் என்ற நினைப்பா?

இல்லை ஐயா. வாயால் விழுங்க முடிகிறவருக்குப் பாரசிட்டமால் மாத்திரையே போதும், ஊசி அதைவிட உசத்தி கிடையாது. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, வயிற்றுவலி, விடாத வாந்தி, ரத்தக்கசிவு, சிறுநீர் குறைவது என்று எது வந்தாலோ உடனே திரும்பப் போய் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தான நாட்கள் வரும்.

வாசகி, தேவகோட்டை: அரசு மாத்திரைகள் தரமானவையா? அட்டையில் பெரிய கம்பெனி பெயர் ஒன்றும் இல்லையே?

இந்தச் சந்தேகம் நான் பணியில் சேர்ந்த காலத்திலிருந்தே இருக்கிறது, அப்போது அதில் நியாயமும் இருந்தது. அன்றைக்கு மருந்தே சரியாக வராது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் ஏற்பட்ட பிறகு நிலைமை மாறியது. மாநிலத்துக்கே மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது. மாவட்டக் கிடங்குக்கு வரும் மருந்தை அப்படியே அனுப்பிவிட மாட்டார்கள்; ஒரே தடவையில் தயாரான ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறினால்தான் வெளியே விடுவார்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் வங்கிப் புத்தகம் போல ஒரு பாஸ்புக் உண்டு. இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம், இவ்வளவு எடுத்தாயிற்று என்று அதில் இருக்கும். இந்த முறையைப் பார்த்து மற்ற மாநிலங்களும் இதுபோன்ற கழகங்களை அமைத்தன.

அட்டையில் விளம்பரப் பெயர் இருக்காது, மருந்தின் பெயர் இருக்கும். 'அம்லோடிபின்' என்று போட்டிருந்தால் கடையில் வேறு பெயரில் வாங்குவதும் அதேதான். காலாவதித் தேதியை மட்டும் எங்கே வாங்கினாலும் பாருங்கள். அப்புறம், மாத்திரையை உரித்துக் காகிதத்தில் மடித்துத் தந்தால் வாங்காதீர்கள், அட்டையோடு கேளுங்கள்.

வாசகர், மன்னார்குடி: எங்கள் பகுதியில் அறுவடை சமயத்தில் பாம்புக்கடி அதிகம். நேராகத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குப் போவதா, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதா?

பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே முதலில். 108க்குக் கூப்பிடுங்கள். மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றுங்கள், வீக்கம் வந்தால் அதுவே இறுக்கும். கடிபட்ட காலை ஆட்டாமல் ஒரு கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் வேண்டாம். நடக்கவும் விடாதீர்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சோதனை செய்வார்கள். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். சாய்த்துப் பார்த்தால் உறைந்திருக்க வேண்டும். உறையவில்லை என்றால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது. இதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். மருந்தை அங்கேயே ஏற்றத் தொடங்கிவிட்டு, மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரே அளவுதான், குழந்தைக்கு இவ்வளவு ஏற்றுகிறார்களே என்று தடுக்காதீர்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து. அதனால் பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. அதைத் தேடுவதில் போன நேரத்தில் ஆள் போனதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தைத் தருகிறவர்கள் சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்திவரும் இருளர் மக்கள். நம்மில் பலர் இன்று உயிரோடு இருப்பதற்கு அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் எழுந்து வயிறு வலிக்கிறது, தொண்டை அடைக்கிறது என்றால், கண் இமை தொங்கினால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் கட்டுவிரியனை நினையுங்கள். உடனே தூக்குங்கள்.

இன்னொன்று. உங்கள் ஊர் நிலையத்தில் பாம்புக்கடி மருந்து எத்தனை குப்பி இருப்பில் இருக்கிறது, ராத்திரி யார் இருப்பார்கள் என்று அறுவடைக்கு முன்பே போய்க் கேட்டுவையுங்கள். 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் தமிழ்நாடு சேர்த்துவிட்டது. எந்தப் பக்கம் கடி அதிகம் என்ற கணக்கு இருந்தால்தான் அந்தப் பக்கம் மருந்து போகும்.

வாசகி, வவுனியா: எங்கள் ஊரில் குடும்பநல மாது வீட்டுக்கு வந்து பிள்ளையின் நிறையைப் பார்த்து வளர்ச்சிப் பதிவேட்டில் குறித்துவிட்டுப் போவார். இந்தியாவிலும் இப்படியா? இப்போது நோய்கள் குறைந்துவிட்டன, இவ்வளவு பேர் வீடு வீடாக வரத்தான் வேண்டுமா என்று என் மகன் கேட்கிறான்.

நீங்கள் சொல்வதைத்தான் இங்கே நாங்களும் செய்கிறோம் அக்கா. உங்கள் நாடு இதில் எங்களுக்கு மூத்தது. களுத்துறையில் 1926இலேயே சுகாதாரப் பிரிவு தொடங்கி, ஒரு பகுதியின் மக்கள் எல்லோருக்கும் ஒரு வைத்திய அதிகாரி பொறுப்பு என்று வைத்துவிட்டார்கள். இங்கே சுகாதாரத்தை ஆராய ஜோசப் போர் என்பவர் தலைமையில் அமைத்த குழு அறிக்கை கொடுத்ததே 1946இல்தான். உலக நாடுகள் அல்மா ஆட்டாவில் கூடி, எல்லோருக்கும் நலவாழ்வு வேண்டும், அதற்கு ஆரம்ப சுகாதாரமே வழி என்று அறிவித்தது 1978இல்.

மகனுக்கு உங்கள் நாட்டு மலேரியாக் கதையையே சொல்லுங்கள். 1963இல் இலங்கை முழுவதிலும் மலேரியா கண்டவர்கள் 17 பேர்தான். ஒழிந்துவிட்டது என்று நினைத்தார்கள், மருந்தடிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கானோருக்குத் திரும்ப வந்தது. அப்புறம் எத்தனை வருட உழைப்பு! போர் நடந்த காலத்திலும் உங்கள் ஆட்கள் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. இப்போதும் வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருகிறவரைப் பரிசோதிக்கிறார்கள். நோய் குறைந்த பிறகு அந்தக் குடும்பநல மாதுவின் வேலை கூடத்தான் செய்கிறது.

வாசகர், விருத்தாசலம்: எங்கள் ஊர் நிலையத்தில் மதியத்துக்கு மேல் டாக்டர் இருப்பதில்லை. கேட்டால் மீட்டிங் என்கிறார்கள். எங்கே முறையிடுவது?

மீட்டிங்கும் உண்மையாக இருக்கலாம், முகாமுக்கும் அனுப்புவார்கள். அதனால் முதலில் ஒரு மாதம் தேதியும் நேரமும் குறித்து வையுங்கள். 'எப்பவும் இல்லை' என்றால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். 'இந்த எட்டு நாள் மதியம் இல்லை' என்றால் பதில் சொல்லியாக வேண்டும். வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். அங்கே நடக்கவில்லை என்றால் மாவட்ட சுகாதார அலுவலர். சுகாதார உதவி எண் 104க்கும் சொல்லலாம்.

இதையெல்லாம் விட எனக்கு நம்பிக்கையானது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. சுகாதாரத் துறை ஆட்களும் வருவார்கள். டாக்டர் இல்லாததை மட்டும் கேட்டுவிட்டு உட்காராதீர்கள். குடிநீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்? குளோரின் போடுகிறார்களா? தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் பார்த்துவிட்டு 'சரி' என்று எழுதுவார்கள். கடைசித் தெருக் கடைசிக் குழாயில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரில் சோதனை மருந்தைச் சொட்டு விட்டதும் மஞ்சள் நிறம் வர வேண்டும். அங்கேயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் இருந்தால்தான் தண்ணீர் பாதுகாப்பு. பெரும்பாலும் கடைசித் தெரு யாருடைய தெரு என்று உங்களுக்கே தெரியும். வயிற்றுப்போக்கு வரும்போது முதலில் அந்தத் தெருக் குழந்தைகளுக்குத்தான் வருகிறது. டாக்டர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் அந்தக் குழாயைச் சரிசெய்யாமல் அந்த வரிசை குறையாது.

வாசகி, அரூர்: நான் கிராம சுகாதார செவிலியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். மலை ஊர்கள். வீட்டுக் கதவைத் தட்டினால் திறக்க மாட்டேன் என்கிறார்கள். பதிவேடுகளும் கைப்பேசிச் செயலியும் எழுதவே நேரம் போகிறது. என்ன செய்யட்டும் சிஸ்டர்?

உன் கடிதத்தைப் படித்ததும் என் முதல் வருடத்தை நினைத்துக்கொண்டேன் அம்மா. சில விஷயம் சொல்கிறேன்.

ஒரு ஊருக்கு ஒரு கிழமை என்று வைத்துக்கொள், மழை பெய்தாலும் அந்தக் கிழமை போ. 'வியாழக்கிழமை நர்ஸ் வரும்' என்று அவர்கள் வாயில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதல் நாளே பேனாவை எடுக்காதே, பெயரும் ஆதார் எண்ணும் கேட்டால் எந்த வீடும் மூடிக்கொள்ளும். அழுத்தம் பாரு, பாட்டியின் மூட்டுவலியைக் கேளு. பிள்ளை பெற வைத்த வயதான பெண்கள் அந்த ஊர்களில் இன்னமும் இருப்பார்கள், அவர்களை முதலில் போய்ப் பார். அவர்களைப் பழைய காலம் என்று ஒதுக்கின நர்சுகளுக்கு எந்த வீட்டிலும் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்ற சேதி வராது.

உனக்குப் பக்கத்திலேயே சிட்லிங்கி இருக்கிறது. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் 1993இல் அங்கே வந்து ஒரு குடிசையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் ஆக்கினார்கள். ஒரு விடுமுறை நாளில் போய் அந்தப் பெண்களோடு பேசிவிட்டு வா. எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காதது கிடைக்கும்.

பதிவேடு உன் உயிரை வாங்கும், தெரியும். ஆனால் மேலே அனுப்புவதற்காக எழுதுவது வேறு, உனக்காக எழுதுவது வேறு. உனக்கென்று ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள். இந்த மாதம் யார் வர வேண்டும், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று எழுது. அந்த 'ஏன்' எந்தச் செயலியிலும் முழுதாக வராது. திருப்பூர் போய்விட்டார்கள், கேரளா போய்விட்டார்கள், மாமியாரோடு சண்டை, போன ஊசிக்குக் காய்ச்சல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வேலை இருக்கிறது. பஞ்சம் பிழைக்கப் போன குடும்பம் பொங்கலுக்குத் திரும்பும்போது நீ அந்தக் குழந்தைக்கு விட்ட இடத்திலிருந்து தடுப்பூசியைத் தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

தடுப்பூசிப் பெட்டியைக் கையிலிருந்து விடாதே. மலைக்கு நடந்து போகும்போது வெயிலில் இறக்கி வைப்பார்கள். குப்பியின் மேல் வட்டத்துக்குள் இருக்கிற சதுரத்தை ஒவ்வொரு முறையும் பார். சதுரம் வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த மருந்து போயிற்று, வந்த தாய் திரும்பிப் போனாலும் சரி, போடாதே. தட்டம்மை ஊசியும் பி.சி.ஜி.யும் கரைத்த நேரத்தைக் குப்பியில் எழுது. நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே. போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரவை. என்ன ஊசி, என்ன தொந்தரவு வரும், அடுத்தது எப்போது என்று அந்த அரை மணியில் சொல். வீட்டுக்குப் போய்க் காய்ச்சல் வரும் என்று முன்பே சொன்ன நர்சை அந்தத் தாய் நம்புவாள்.

ஒரு குழந்தை இறந்துபோனால் படிவத்தை எடுத்துக்கொண்டு மறுநாளே போய் நிற்காதே. வெறுங்கையோடு போய்த் துக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வா. கேள்விகளை அப்புறம் கேட்கலாம்.

மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. உன் கணக்கில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார். அதிகமாக இருந்தால் எழுத்தில் கேள். கூச்சப்படாதே, அது உனக்காக மட்டும் கேட்பது இல்லை.

வாசகர், ஆரணி: என் அப்பாவுக்குக் காசநோய் என்று எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண்டுபிடித்தார்கள். மாத்திரை கொடுத்து வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். சானடோரியத்தில் சேர்க்க வேண்டாமா? வீட்டில் என் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது தம்பி. இதே கேள்விக்கு உலகத்துக்கே விடை கிடைத்தது நம் சென்னையில்தான். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கி, நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரு வருடம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான, வசதி இல்லாத குடும்பங்கள், சாப்பாடும் குறைவு. ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் அந்த முடிவு வெளியான பிறகு உலகெங்கும் சானடோரியங்கள் மெல்ல மெல்லக் காலியாயின. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அதனால் வீட்டுக்கு அனுப்பியது சரி. ஆனால் அனுப்புமுன் அப்பாவின் எடை, உயரம் பார்த்தார்களா, கால் வீக்கம், மூச்சு வாங்கும் வேகம், ஆக்சிஜன் அளவு பார்த்தார்களா, எதையும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று கேட்டார்களா? 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் இதையெல்லாம் பார்த்து, பலவீனமானவரை மட்டும் உடனே சேர்த்துக்கொள்கிறார்கள். காசநோயில் இறப்பவர்களில் பலர் சிகிச்சை ஆரம்பித்த முதல் சில வாரங்களிலேயே போய்விடுகிறார்கள். பார்க்கவில்லை என்றால் நாளைக்கே அழைத்துப் போய்க் கேளுங்கள்.

மாத்திரை சாதாரணமாக ஆறு மாதம். இரண்டு மாதத்தில் இருமல் நின்று எடை கூடும். அப்போதுதான் பலர் நிறுத்துகிறார்கள், அங்கேதான் மருந்துக்கு அடங்காத காசநோய் பிறக்கிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானால் மட்டும் அன்றைக்கே போங்கள். இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்து அவரை ஒதுக்க வேண்டாம், இது எச்சில் தட்டால் பரவுவது இல்லை. குழந்தைகள் இரண்டு பேரையும் உங்கள் இருவரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். நோய் இல்லை என்றாலும் தடுப்பு மாத்திரை தேவையா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார்.

சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் சிகிச்சை முடியும் வரை அப்பாவின் கணக்கில் வரும். வங்கிப் புத்தகத்தையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு போங்கள்.